பதில் எந்த முகவரியிலிருந்து போகிறது? ஆறு கணக்குகளுக்கு ஒரு மின்னஞ்சல் நிரல் தேடிய கதை

சென்ற ஆண்டு ஏப்ரலில், தமிழ்மொழி விழா வேலைகள் கழுத்துவரை இருந்த ஒரு வாரத்தில், மொழிபெயர்ப்புப் பணி ஒன்றுக்கான விலைப்புள்ளியை ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் வந்த பதிலில், கட்டணத்தை என் பெயருக்கு அனுப்ப வேண்டுமா, சங்கத்தின் பெயருக்கு அனுப்ப வேண்டுமா என்று மிகப் பணிவாகக் கேட்டிருந்தார்கள். அப்போதுதான் கவனித்தேன். நான் பொறுப்பு வகிக்கும் சங்கத்தின் முகவரியிலிருந்து, "செயலாளர்" என்ற கையொப்பத்துடன், என் சொந்தத் தொழிலுக்கான விலைப்புள்ளி போயிருந்தது. உலாவியில் அடுத்தடுத்துத் திறந்து வைத்திருந்த தாவல்களில் எது எது என்று பார்க்காமல் எழுதியது என் தவறு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தவறைச் செய்வதற்கு ஒரு விநாடிகூடத் தேவைப்படாத ஏற்பாட்டில்தான் நான் வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்பது அன்றைக்கு உறைத்தது.

என்னிடம் இருப்பவை ஆறு கணக்குகள். சொந்த உபயோகத்துக்கு ஒரு ஜிமெயில்; தொழிலுக்கு என் பெயரில் பதிவு செய்த இணையப் பெயரில் (டொமைன்) ஒரு முகவரி; சங்கத்துக்குக் கூகுள் ஒர்க்ஸ்பேசில் ஒன்று; ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றும் ஒரு நிறுவனம் தந்த மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு; இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, பழைய நண்பர்கள் இன்றும் எழுதுவதால் மூட மனம் வராத ஒரு யாகூ; கடைசியாக, அம்மாவின் ஹாட்மெயில். மத்திய சேம நிதிக் கழகத்தின் அறிவிப்பு, நகர மன்றத்தின் கட்டணச் சீட்டு, மருந்தகச் சந்திப்பு நேரம் எல்லாம் அம்மாவுக்கு அதில்தான் வரும். படிப்பதும் பதில் எழுதுவதும் நான். சிங்கப்பூரில் வேலை, வீடு, தொண்டூழியம் மூன்றையும் சேர்த்து இழுக்கிற எவரை விசாரித்தாலும் குறைந்தது நான்கு முகவரியாவது தேறும் என்றே நினைக்கிறேன்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, "எல்லாத்தையும் ஒரே ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டா முடிஞ்சது மாமா" என்றான். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித் திருப்பிவிடும்போது அஞ்சல் நம்மை வந்தடைவது, அனுப்பியவருடைய சர்வரிலிருந்து நேராக அல்ல, நம்முடைய இன்னொரு சர்வரின் வழியாக. பெறும் சர்வரோ, "இந்த இணையப் பெயரின் சார்பில் அஞ்சல் அனுப்ப இந்தச் சர்வருக்கு அனுமதி உண்டா?" என்று சரிபார்க்கும். இடையில் வந்த சர்வர் அந்த அனுமதிப் பட்டியலில் இராது. ஆகவே முறையான கடிதமும் சில வேளைகளில் குப்பைப் பெட்டிக்குள் விழுந்துவிடுகிறது. ஜிமெயிலே மற்ற கணக்குகளிலிருந்து பாப் முறையில் அஞ்சல்களை எடுத்துவரும் பழைய வசதியைப் பலர் நம்பியிருந்தார்கள். அதையும் 2026-இல் நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்துவிட்டது. இவை இரண்டையும் விடப் பெரிய குறை, எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவிந்தபின் பதில் எந்த முகவரியிலிருந்து கிளம்புகிறது என்பதைக் கண்காணிக்கும் வேலை முன்பைவிடக் கூடிவிடுகிறது. நான் தப்ப நினைத்த குழியே அதுதான்.

எனவே மேசைக்கணினியில் நிறுவிக்கொள்ளும் நிரல் ஒன்றைத் தேடத் தொடங்கினேன். அத்தகைய நிரல்கள் பெரும்பாலும் ஐமேப் என்னும் நெறிமுறையின் வழியே வேலை செய்கின்றன: அஞ்சல்கள் சர்வரிலேயே இருக்கும், கணினியில் இருப்பது அவற்றின் படி, ஓரிடத்தில் படித்தாலோ நீக்கினாலோ எல்லா இடத்திலும் அது தெரியும். 1986-இல் மார்க் கிறிஸ்பின் உருவாக்கத் தொடங்கிய இந்த நெறிமுறை இன்றுவரை நிலைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. பழைய நிரலைத் தூசு தட்டி எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ணுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தனிநபர் கணக்குகளுக்கு வெறும் கடவுச்சொல்லை மட்டும் கேட்டு நுழையும் முறையைக் கூகுள் 2022 மே 30-இலும், மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16-இலும் நிறுத்திவிட்டன. நுழைவுப் பக்கத்தைத் தனிச் சாளரத்தில் திறந்து, அங்கே அனுமதி வாங்கிக்கொள்ளும் ஓஆத் முறையை அறியாத நிரல் பெரும்பாலும் இனி அந்தக் கணக்குகளின் வாசலிலேயே நின்றுவிடும்.

தேர்வில் சிலவற்றை விரைவில் ஒதுக்கிவிட்டேன். விண்டோசுடன் வந்த மெயில் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. ஆப்பிள் மெயில் நல்ல நிரல். மனைவியின் மேக் கணினியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வசதியைக் கண்டு பொறாமைப்படுவேன். குறிப்பிட்ட இணையப் பெயரில் முடியாத முகவரிகளை எழுதும்போதே சிவப்பாகக் காட்டும்படி அதில் சொல்லிவைக்கலாம். அலுவலகத்துக்கு வெளியே தவறிப்போய் அனுப்பிவிடாமல் காப்பதற்கு இதைவிட எளிய வழி வேறில்லை. ஆனால் என் கணினி விண்டோஸ். ஓர் அஞ்சல் நிரலுக்காக மேக் வாங்கும் அளவுக்கு மொழிபெயர்ப்புத் தொழில் இன்னும் செழிக்கவில்லை. மிஞ்சியவை மூன்று: அவுட்லுக், ஈஎம் கிளையன்ட், தண்டர்பேர்டு.

அவுட்லுக் என்ற ஒரே பெயரில் இப்போது இரண்டு நிரல்கள் உலவுகின்றன என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஆபிஸ் தொகுப்புடன் பல்லாண்டுகளாக வரும் பழைய அவுட்லுக் ஒன்று. விண்டோசுடன் இலவசமாக வருகிற, மெயில் செயலியின் இடத்தைப் பிடித்துக்கொண்ட புதிய அவுட்லுக் மற்றொன்று. பழையது கனமான, நம்பத்தக்க நிரல். நிறுவனக் கணக்குகளையும் நாட்காட்டியையும் அதுபோல் கையாள்வது வேறெதுவும் இல்லை. குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோசில் அதற்கு எல்லாக் கணக்குகளின் வரவையும் ஒன்றாகக் காட்டும் இன்பாக்ஸ் கிடையாது. தேடல் கோப்புறை போன்ற சுற்றுவழிகளைத்தான் நாட வேண்டும். மேலும் புதிய கடிதம் எழுதத் தொடங்கும்போது, நாம் எந்தக் கோப்புறையில் நிற்கிறோமோ அந்தக் கணக்கின் முகவரியை அது எடுத்துக்கொள்கிறது. கவனமாக இருப்பவருக்கு இது வசதி; என்னைப் போன்றவருக்கு இது மீண்டும் அதே ஏப்ரல் மாதம். எப்போதும் ஒரே கணக்கிலிருந்து தொடங்கும்படி மாற்றிவைக்க ஓர் அமைப்பு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புதிய அவுட்லுக்கைப் பொறுத்தவரை என் தயக்கம் வேறு. ஜிமெயில், யாகூ முதலிய வெளிக் கணக்குகளைச் சேர்க்கும்போது, அவற்றின் அஞ்சல்களை மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்போடு ஒத்திசைக்க அது அனுமதி கேட்கிறது. அதாவது அஞ்சல்கள் என் கணினிக்கு நேரே வருவதில்லை. அந்நிறுவனத்தின் சர்வரிலும் ஒரு படி உருவாகிறது. சொந்தக் கடிதப் போக்குவரத்துக்கு இதைப் பெரிதாக எண்ணாதவர்கள் இருக்கலாம். அதில் குற்றமும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர்களின் ஒப்பந்த ஆவணங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் மொழிபெயர்ப்பவன் நான். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆவணங்கள் மூன்றாவது ஓரிடத்தில் படியெடுக்கப்படுவதற்கு நானாகச் சம்மதம் தர எனக்கு உரிமையில்லை. கட்டணச் சந்தா இல்லாதவர்களின் இன்பாக்ஸில் விளம்பரங்களும் கடிதங்களைப் போல வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அம்மா அவற்றைத் தமக்கு வந்த கடிதம் என்றே நினைத்துவிடுவார்.

ஈஎம் கிளையன்ட் செக் நாட்டில் உருவான நிரல். விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். முகவரியைத் தட்டச்சு செய்தவுடன் சர்வர் விவரங்களைத் தானே கண்டுபிடித்து, அஞ்சல், நாட்காட்டி, தொடர்புகள் மூன்றையும் ஒரே மூச்சில் இணைத்துவிடுகிறது. நிறுவனங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சு அஞ்சல் கணக்கும் அதற்குப் புதிதல்ல. ஒரு கடிதத்தைக் கண்ணிலிருந்து மறைத்து நாளை காலை மீண்டும் கொண்டுவந்து காட்டு என்று சொல்லலாம். "இதற்குப் பதில் வராவிட்டால் மூன்று நாள் கழித்து நினைவூட்டு" என்று சொல்லிவைக்கலாம். கட்டண பாக்கியைத் துரத்திக்கொண்டே காலம் கழிக்கும் தனித்தொழில் செய்வோருக்கு அது ஒரு கணக்குப்பிள்ளையை வேலைக்கு வைத்தது போல. மூன்றிலும் பார்வைக்கு அழகானது, முதல் நாளிலேயே பழகிவிடக்கூடியது எது என்று கேட்டால் தயங்காமல் இதையே சொல்வேன்.

இடறும் இடம் உரிமத்தில் இருக்கிறது. இலவசப் பதிப்பில் இரண்டு கணக்குகளுக்கு மட்டுமே இடம். அதுவும் தொழில் சாராத உபயோகத்துக்கு மட்டும். என் ஆறு கணக்குகளுக்கும், அவற்றில் ஒன்று தொழிற்கணக்கு என்பதற்கும், முறைப்படி பணம் கட்டியே ஆக வேண்டும். ஒரே தடவை கட்டும் உரிமமும் உண்டு என்பது சந்தாக்களால் சலித்துப்போனவர்களுக்கு ஆறுதல். வாழ்நாள் முழுவதும் புதிய பதிப்புகள் வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. விலை பார்க்கும்போது, வெளிநாட்டிலிருந்து வாங்கும் மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020 முதல் இங்கே பொருள் சேவை வரி உண்டு என்பதையும், அது இப்போது 9 விழுக்காடு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டே கணக்கு வைத்திருக்கும் ஓர் இல்லத்தரசியோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ என்னிடம் கேட்டால், மேலே படிக்காமல் இதை நிறுவிக்கொள்ளச் சொல்வேன். அவர்களுக்கு இதைவிட நல்லது இலவசமாகக் கிடைப்பது அரிது.

நான் கடைசியில் வந்து சேர்ந்தது தண்டர்பேர்டில். இதன் முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. 2012-இல், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கிய மொசில்லா இதன் மேம்பாட்டிலிருந்து பெரும்பாலும் கைகழுவித் தன்னார்வலர்களிடம் விட்டபோது, இது இனி மெல்ல மறைந்துவிடும் என்றே பலரும் நினைத்தோம். அப்படி ஆகவில்லை. 2020 முதல் மொசில்லா அறக்கட்டளைக்குச் சொந்தமான தனி நிறுவனம் ஒன்று இதைப் பார்த்துக்கொள்கிறது. செலவு பெரும்பாலும் பயனர்களின் நன்கொடையில் நடக்கிறது. 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பில் முகப்பை அடியோடு மாற்றினார்கள். அதற்கு முன் இதைப் பார்த்து "பழைய காலத்து நிரல்" என்று விலகியவர்கள் ஒருமுறை திரும்பிவந்து பார்க்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்; கணக்குகளின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை.

இடப்பக்கப் பட்டியலில் "ஒன்றிணைந்த கோப்புறைகள்" என்ற காட்சியைத் தேர்ந்தெடுத்தால், இணைத்த கணக்குகள் எல்லாவற்றின் இன்பாக்ஸும் ஒரே இன்பாக்ஸாகத் தெரியும். அதன் கீழே ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகவும் விரித்துப் பார்க்கலாம். என் முதல் சோதனையை அங்கேதான் வைத்தேன். ஒன்றிணைந்த இன்பாக்ஸில் நின்றுகொண்டு சங்கத்துக்கு வந்த கடிதத்துக்குப் பதில் எழுதினால் சங்க முகவரி. அடுத்த வரியில் இருக்கும் வாடிக்கையாளர் கடிதத்துக்குப் பதில் எழுதினால் தொழில் முகவரி. கடிதம் எந்தக் கணக்குக்கு வந்ததோ அந்தக் கணக்கிலிருந்தே பதில் கிளம்புகிறது. கையொப்பமும் அதற்கேற்ப மாறுகிறது. ஒரே கணக்குக்குள் பல முகவரிகள் இருந்தாலும் கடிதம் எந்த முகவரிக்கு எழுதப்பட்டது என்று பார்த்து அதையே பதிலுக்கும் எடுத்துக்கொள்கிறது. இதற்காக ஒவ்வொரு கணக்கின் அமைப்பிலும் வேண்டிய அளவு "அடையாளங்கள்" சேர்த்துக்கொள்ளலாம். என் தொழிற்கணக்கில் விசாரணைக்கு ஒன்று, கட்டணச் சீட்டுக்கு ஒன்று என இரண்டு வைத்திருக்கிறேன்.

பதில் எழுதுவதில் இவ்வளவு புத்திசாலியாக இருக்கும் நிரல், புதிய கடிதம் எழுதும்போது நம்மைக் கைவிடக்கூடும். ஒன்றிணைந்த இன்பாக்ஸில் நின்று புதிதாக எழுதத் தொடங்கினால், பாவம், அது எந்தக் கணக்கு என்று எதைக் கொண்டு ஊகிக்கும்? நாம் முதன்மைக் கணக்காகக் குறித்துவைத்ததையே எடுத்துக்கொள்ளும். ஆகவே முதன்மைக் கணக்கை எது என்று வைப்பது சாதாரண விஷயமன்று. அடிக்கடி பயன்படுத்துவதை அல்ல, தவறிப் போனாலும் குறைந்த சேதம் விளைவிப்பதை வைக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு என் சொந்த ஜிமெயிலிலிருந்து கடிதம் போனால் சற்று அசட்டையாகத் தெரியும், அவ்வளவுதான். சங்கத்தின் பெயரில் போனால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். எனவே முதன்மை, சொந்த ஜிமெயில். புதுக் கடிதம் எழுத வேண்டுமென்றால் முதலில் அந்தந்தக் கணக்கின் தனி இன்பாக்ஸுக்குப் போய்விட்டுத்தான் எழுத ஆரம்பிக்கிறேன். அப்போது அந்தக் கணக்கின் முகவரியே வந்துவிடுகிறது. கையொப்பங்களையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வடிவில் மாற்றிவிட்டேன்: தொழிலுக்கு ஒரே வரி, சங்கத்துக்கு நான்கு வரி, சொந்தக் கணக்குக்கு வெறும் பெயர். கண் சொற்களைப் படிக்கும் முன்பே வடிவத்தைப் படித்துவிடுகிறது.

இன்னொரு சிறு காவலும் இதில் உண்டு. பெறுநர், நகல் கட்டங்களில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட முகவரிகளை இட்டால், எழுதும் சாளரத்தின் அடியில் ஒரு பட்டை தோன்றி, இவர்கள் எல்லோரும் ஒருவர் முகவரியை ஒருவர் பார்ப்பார்களே, மறைநகலாக மாற்றிவிடவா என்று கேட்கிறது. தொண்டூழியர் பட்டியலை வைத்துக் கடிதம் அனுப்பும் எல்லாச் செயலாளர்களுக்கும் இது வேண்டும். 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கும் ஊரில், எழுபது பேரின் முகவரிகளை எழுபது பேருக்கும் பரப்பிவிட்டு "மன்னிக்கவும்" என்று இன்னொரு கடிதம் எழுதும் சங்கடம் வேறெதிலும் இல்லை. எழுதிய கடிதத்தை உடனே திரும்பப் பெறும் வசதி மட்டும் இதில் சொந்தமாக இல்லை. சென்ட் லேட்டர் என்ற கூடுதல் நிரலைச் சேர்த்துச் சில நிமிடம் தாமதித்து அனுப்பும்படி செய்துகொள்ளலாம்; நான் செய்துகொண்டேன்.

ஜிமெயில் கணக்கை இணைக்கும்போது கவனிக்க வேண்டிய இரண்டு உண்டு. ஜிமெயிலில் கோப்புறை என்பதே கிடையாது, கடிதத்தில் ஒட்டும் சிட்டைகள்தான் (லேபிள்கள்) உண்டு. ஐமேப் வழியே பார்க்கும்போது ஒவ்வொரு சிட்டையும் ஒரு கோப்புறையாக வேடமிட்டுக்கொள்கிறது. அதனால் இன்பாக்ஸில் இருக்கும் கடிதமே "எல்லா அஞ்சலும்" கோப்புறையிலும் இருக்கும். தேடினால் ஒரே கடிதம் இரண்டு மூன்று தடவை வந்து நிற்கும். ஜிமெயிலின் அமைப்புப் பக்கத்தில், சிட்டைகள் பகுதியில், "எல்லா அஞ்சலும்" என்பதற்கு எதிரே ஐமேப்பில் காட்டுவதை நீக்கிவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும். மற்றொன்று இணைப்புகளின் எண்ணிக்கை. ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகளைத்தான் ஜிமெயில் அனுமதிக்கிறது. தண்டர்பேர்டு ஒவ்வொரு கணக்குக்கும் இயல்பாக 5 வரை எடுத்துக்கொள்ளும். வீட்டுக் கணினி, மடிக்கணினி, அலுவலகக் கணினி என்று மூன்றில் நிறுவி, கைப்பேசியிலும் வைத்துக்கொண்டால் வரம்பு தீர்ந்து, காரணம் புரியாத பிழைச் செய்தி வரும். கணக்கின் மேம்பட்ட அமைப்பில் 5 என்பதை 2 ஆக்கினால் போதும்.

இடம் பிடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இயல்பாக அது எல்லா அஞ்சல்களையும் கணினிக்கு இறக்கிவைத்துக்கொள்கிறது. விமானத்திலோ, சுரங்க ரயிலிலோ இணைய இணைப்பு இல்லாமலே பழைய கடிதங்களைத் தேடலாம் என்பது இதன் பலன். என் ஆறு கணக்குகளும் சேர்ந்து முப்பது ஜிபியைத் தாண்டிவிட்டன. சிறிய வட்டுள்ள மடிக்கணினியில், கடந்த சில மாதத்து அஞ்சல்களை மட்டும் இறக்கும்படி கணக்குவாரியாகச் சுருக்கிக்கொள்ளலாம். புதுக் கணினிக்கு மாறும்போது, ஏற்றுமதி என்று பட்டியலில் இருக்கும் வசதி 2 ஜிபிக்கு உட்பட்ட தொகுப்புக்கே உதவும். அதற்கு மேல் இருந்தால் நிரலை மூடிவிட்டு, அதன் தரவுக் கோப்புறையை அப்படியே படியெடுத்து வைப்பதுதான் வழி. வழி எளிது. ஆனால் அந்தக் கோப்புறை எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்க, உதவிப் பட்டியலுக்குள் இருக்கும் பழுதறியும் பக்கம் வரை போக வேண்டியிருப்பது சாதாரணப் பயனரிடம் எதிர்பார்க்கத்தக்கதல்ல.

ஒப்பந்த நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இன்னும் முழு நிறைவு இல்லை. அத்தகைய கணக்குகளில் ஐமேப்பைத் திறந்துவைப்பதும் மூடிவைப்பதும் நிறுவனத்து நிர்வாகியின் கையில். 2025 நவம்பரில் வந்த 145-ஆம் பதிப்பில் எக்ஸ்சேஞ்சு கணக்குகளை நேரடியாக இணைக்கும் வசதியைத் தண்டர்பேர்டு சேர்த்தது. அஞ்சலுக்கு மட்டுமே, நாட்காட்டிக்கு அல்ல. அது சார்ந்திருக்கும் பழைய இடைமுகத்தையோ (வெளி நிரல்கள் எக்ஸ்சேஞ்சோடு பேசும் வழி), இணையவழி எக்ஸ்சேஞ்சு சேவையில் 2026 அக்டோபர் முதல் நிறுத்தத் தொடங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அடுத்த இடைமுகத்துக்குத் தண்டர்பேர்டு மாறியாக வேண்டும். அன்றாடம் கூட்ட அழைப்புகளில் உழல்பவர்கள், அலுவலகக் கணக்கை மட்டும் அவுட்லுக்கிலேயே விட்டுவிடுவது நல்லது. எனக்கு அந்தக் கணக்கில் மாதம் நான்கு கூட்டங்கள்; உலாவியில் பார்த்துக்கொள்கிறேன்.

தமிழில் கடிதம் எழுதுவோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை இந்த நிரல்களைப் பற்றிய ஆங்கில மதிப்புரைகளில் நான் கண்டதில்லை: தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்குமா? எழுத்துகள் தெரிவதில் இப்போது எதிலும் சிக்கலில்லை. தேடுவதில் உண்டு; அதற்குக் காரணம் நிரல் மட்டுமன்று, நம் மொழியும் யுனிகோடும் சேர்ந்தவை. "கூட்டம்" என்று தேடினால் "கூட்டத்துக்கு", "கூட்டத்தில்" என்று எழுதிய கடிதங்கள் அகப்படா. சாரியை வந்து சொல்லையே மாற்றிவிடுகிறது. "கோயில்" என்று தேடினாலோ "கோயிலுக்கு" கிடைக்காது. கண்ணுக்கு முன்னதன் நீட்சியாகத் தோன்றினாலும், யுனிகோடில் "ல்" என்பது லகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். "லு" என்பதில் அந்தப் புள்ளியின் இடத்தில் உகரக் குறி இருக்கிறது. ஆகவே கடைசி எழுத்தின் புள்ளியை விட்டுவிட்டு "கோயில" என்றும், கடைசி எழுத்தையே விட்டுவிட்டு "கூட்ட" என்றும் தட்டச்சு செய்ய வேண்டும். தண்டர்பேர்டின் விரைவு வடிகட்டி சொல்லின் எந்தப் பகுதியையும் பொருத்திப் பார்ப்பதால், இந்த உத்தி அதில் நன்றாகவே பலிக்கிறது. மேலே இருக்கும் பொதுத் தேடல் முழுச் சொற்களை அட்டவணையிட்டு வைத்துக்கொண்டு தேடும் வகை. ஒட்டுச்சொற்கள் மிகுந்த மொழிக்கு அது அவ்வளவாக உதவுவதில்லை. சிங்கப்பூர்த் தமிழ் முரசுக்கு அனுப்பிய கட்டுரை ஒன்றைப் பொதுத் தேடலில் அரை மணி நேரம் தேடிச் சலித்து, வடிகட்டியில் புள்ளியில்லாமல் அடித்தவுடன் கண்டெடுத்தேன்.

யாகூ கணக்கின் அடிமட்டத்தில் கிடக்கும் கடிதங்கள் வேறு வகை. யுனிகோடு பரவுவதற்கு முந்திய காலத்தில் திஸ்கி முதலிய குறிமுறைகளில் எழுதியவை; இன்று எந்த நிரலில் திறந்தாலும் உச்சிக்குறி போட்ட ரோமன் எழுத்துகளின் கும்பலாகத்தான் தெரிகின்றன. நிரலைக் குறை சொல்லிப் பயனில்லை. 1997-இல் இங்கே தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டிய நா. கோவிந்தசாமி போன்றவர்கள் தமிழை இணையத்தில் ஏற்றிய காலத்தின் எச்சங்கள் அவை. குறிமாற்றியில் இட்டு யுனிகோடாக்கி, வேண்டியவற்றை மட்டும் தனிக் கோப்பில் சேமித்துக்கொண்டேன்.

அப்படிச் சேமிப்பதற்கும் தண்டர்பேர்டு இடம் தருகிறது. "உள்ளகக் கோப்புறைகள்" என்ற பகுதியில் வைப்பவை எந்தச் சர்வரிலும் இரா. கணினியில் மட்டுமே இருக்கும். தொழில் செய்பவர்கள் வரவுசெலவுப் பதிவுகளை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருமானவரி ஆணையத்தின் விதி. கட்டணச் சீட்டுகளோடு வரும் கடிதங்களை ஆண்டுவாரியாக அங்கே நகர்த்திவிடுகிறேன். ஜிமெயிலின் இலவச 15 ஜிபியும் நிரம்பாமல் தப்பிக்கிறது. ஆனால் அங்கே நகர்த்தியபின் அதைக் காப்பது நம் பொறுப்பு. வெளி வட்டு ஒன்றில் மாதத்துக்கு ஒருமுறை படியெடுக்கச் சோம்பல்படுபவர்கள் இந்தப் பகுதியைத் தொடாமல் இருப்பதே மேல்.

அம்மாவின் ஹாட்மெயிலை மட்டும் நான் மற்ற ஐந்தோடு சேர்க்கவில்லை. தண்டர்பேர்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தனித் தொகுப்புகளை வைத்துக்கொள்ளலாம்; ஒன்றின் கணக்குகள் மற்றொன்றில் தெரியா. அம்மாவுக்கு அப்படி ஒரு தொகுப்பு, அதற்குத் திரையில் தனிப் படவுரு. அதைத் திறந்தால் முகப்பு முழுதும் வெளிர்பச்சையில் தோன்றும்படி ஒரு தோற்றத்தை இட்டு, எழுத்துகளையும் பெரிதாக்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்தபின் அம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். நான் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவேன். என்ன பதில் எழுத வேண்டும் என்று அவர் சொல்வார். அனுப்பும் முன் "என் பேர்லதானே போகுது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். பச்சையைக் காட்டுகிறேன்.